கோஸ்தான்

அன்றைக்கு லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் எங்கள் வேனைச் சுற்றி நின்றவர்கள் இவ்வளவு பேர்தான். நான். முழங்காலில் கட்டும் கையில் தடியுமாக என் வீட்டுக்காரர். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மலாய்க்கார வாத்தியார். தேக்கா மார்க்கெட்டில் எங்கள் கடைக்கு எதிர் வரிசையில் கோழி விற்ற சீன முதலாளி, எல்லாரும் தௌக்கே என்போம். கடைசியாக, கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஆபீசுக்குள்ளிருந்து வந்த டெஸ்டர். ஆறு பேர். அதில் நானும் டெஸ்டரும் மட்டும்தான் வண்டிக்குள் ஏறினோம்.

தௌக்கே எதற்கு வந்திருந்தார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேறாவிட்டால் வேன் அவருக்கு. நூறு வெள்ளி, அதாவது நூறு டாலர், முன்பணமும் கொடுத்திருந்தார். வரும்போது பஸ்ஸில் வந்தார். போகும்போது எங்கள் வேனை ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று சட்டைப் பையில் தன்னுடைய லைசென்சைத் தயாராக வைத்திருந்தார். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீலநிறச் சிறு புத்தகம், பையிலிருந்து ஒரு விரல் அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்களுக்கு மார்க்கெட்டில் அரைத்த மசாலாக் கடை. மல்லி, மிளகாய், மஞ்சள், சீரகம், தேங்காய் எல்லாவற்றையும் விழுதாக அரைத்துத் தட்டுத் தட்டாகக் குவித்து வைத்திருப்போம். வருகிறவர்கள் மீனா, கோழியா, எத்தனை பேருக்கு என்று சொன்னால் போதும். ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் வழித்து இலையில் வைத்து மடித்துக் கொடுத்துவிடுவேன். தமிழர் வீட்டுக்கு ஒரு மாதிரி, மலாய்க்காரர் வீட்டுக்கு ஒரு மாதிரி, மலாய் வழக்கம் கலந்த சீனக் குடும்பத்து நோன்யா வீட்டுக்கு இன்னொரு மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு மூன்றாவது வரைக்கும்தான் போனேன். அதற்கு மேல் அப்பா அனுப்பவில்லை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மலாய் பேசுவேன், அதுவும் மார்க்கெட் மலாய். இங்கிலீஷ் என்றால் 'யெஸ்', 'நோ', 'ஹவ் மச்'.

கடையில் உட்கார்ந்து விற்பதில் வயிறு நிறைந்ததே தவிர மிச்சம் எதுவும் இல்லை. மிச்சம் வந்தது காத்தோங்கிலும் கேலாங்கிலும் இருந்த சாப்பாட்டுக் கடைகளிலிருந்து. தினமும் காலையில் டின் டின்னாக மசாலா கேட்டார்கள். ஆனால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே!

ஐம்பதுகளில் அந்தப் பக்கம் கம்பியில் ஓடுகிற பஸ் இருந்தது. தலைக்கு மேல் இரண்டு நீளக் கொம்புகள், அவை மேலே போகிற மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். சத்தமே இருக்காது. திருப்பத்தில் சில நேரம் கொம்பு கம்பியிலிருந்து கழன்றுவிடும். பஸ் அப்படியே நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி, ஒரு மூங்கில் கழியால் கொம்பைத் தூக்கி மறுபடியும் கம்பியில் மாட்டுவார். அது பொருந்துகிற நேரத்தில் பொறி பறக்கும். எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். நான் மட்டும் கீழே குனிந்து டின்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பேன். பஸ் திடீரென்று நின்றால் சாய்வது டின்தான்.

ஒருநாள் சாய்ந்தேவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ ஆபீசில் குமாஸ்தா போல. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ. அரைத்த மிளகாய் அவருடைய முழங்காலிலிருந்து ஷூ வரைக்கும் வழிந்தது. அவர் எழுந்து நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சல் தாங்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி யாருடைய வீட்டுக் குழாயையோ தேடி ஓடினார். கண்டக்டர் நம் ஆள்தான். என் வீட்டுக்காரரிடம் வந்து, "அண்ணே, நீங்க ஏறுங்க, அக்கா ஏறட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா டின் ஏறக்கூடாதுலா. அந்த மனுஷன் நாளைக்கு ஆபீசுக்கு எதப் போட்டுக்கிட்டுப் போவாரு?" என்றார்.

"டின் இல்லாம நாங்க எதுக்குப்பா காத்தோங் போறோம்? கடல் காத்து வாங்கவா?" என்றார் இவர்.

"வாங்குங்களேன் அண்ணே. அதுக்கு டிக்கெட் அஞ்சு காசு கொறச்சே தரேன்."

அதிலிருந்து திருட்டு டாக்சி. அப்போது பாதி ஊர் அதில்தான் போனது. மலாயில் 'கெரேத்தா சாப்பு' என்பார்கள். சாப்பு என்றால் கூட்டுவது. ரோட்டோரம் நிற்கிறவர்களையெல்லாம் கூட்டி அள்ளிக்கொண்டு போகிற கார். அதற்கு லைசென்சும் கிடையாது, மீட்டரும் கிடையாது. முன்னே பின்னே பார்த்திராத ஐந்தாறு பேர் மடியோடு மடியாக உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் போவோம். போலீஸ் பிடித்தால் டிரைவருக்கு அபராதம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் என்னையும் மசாலாவையும் சேர்த்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

எங்களை வழக்கமாக ஏற்றிக்கொண்டு போனவர் சீனக் கிழவர் ஒருவர். ஏறியதும் எல்லாருக்கும் பாடம் நடத்துவார். "மாத்தா நிறுத்தினா நான் உங்க சொந்தக்காரன்னு சொல்லணும், மறந்துடாதீங்க" என்பார் மலாயில். மாத்தா என்றால் போலீஸ்.

அவர் பயந்தபடியே ஒரு காலையில் கேலாங் பாலத்துக்கிட்டே போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். குனிந்து உள்ளே பார்த்து, "இவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார். நான் பதறிப்போய், "என் அண்ணன்" என்றேன். அதே நேரத்தில் என் பக்கத்திலிருந்த மலாய்க்காரம்மா, "என் மருமகன்" என்றார். முன்சீட்டிலிருந்த பஞ்சாபி ஒருவர் அவர் பங்குக்கு, "எங்க அப்பா" என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சீனக் கிழவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைப்பாகையைப் பார்த்தார். "பெரிய குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். அன்றைக்குக் கிழவர் யாரிடமும் காசு வாங்கவில்லை. சொந்தக்காரர்களிடம் எப்படி வாங்குவது என்றார்.

சிரிப்பு அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. இவரிடம் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் வளையல்களை விற்று, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டு, பழைய பச்சை வேன் ஒன்று வாங்கினோம். இவர் லைசென்ஸ் எடுத்தார். சிராங்கூன் ரோட்டுக் கோவிலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். காலையில் அதைக் கிளப்புவதற்கு முன்பக்கம் ஒரு வளைந்த கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கை நீண்டு திசை காட்டும். அது நீளும், ஆனால் சொன்ன நேரத்தில் மடங்காது. பல நாள் நாங்கள் இடதுபக்கம் திரும்பப் போவதாகக் காட்டிக்கொண்டே காத்தோங் வரைக்கும் நேராகப் போயிருக்கிறோம்.

ஆனாலும் அந்த ஒரு வருஷம் நன்றாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். டின் சாய்ந்தால் எங்கள் வேனுக்குள்ளேயே சாயும்.

பிறகு இவர் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்தார். மீன்கடைப் பக்கம் தரை எப்போதும் ஈரம். முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. பல வாரம் கழித்துக் கட்டை மாற்றும்போது ஆஸ்பத்திரி டாக்டர், நடக்கலாம், ஆனால் இடது காலால் கிளச்சை மிதிக்கிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூலிக்கு டிரைவர் வைத்தோம். அவருக்குக் கொடுத்தது போக எங்களுக்கு மிஞ்சியது டின் கழுவுகிற வேலைதான். கோழிக்கடைத் தௌக்கேயிடம் இவரே போய்ப் பேசி, நூறு வெள்ளி முன்பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அது மருந்துக்கும் வாடகைக்கும் போயிற்று.

"வேன் போனா காத்தோங் கடைங்க என்னாகும்?" என்றேன்.

"போகும்."

"கேலாங்?"

"அதுவும்தான் போகும். என்ன பண்ணச் சொல்ற? திரும்பவும் அந்தச் சீனக் கிழவனுக்குத் தங்கச்சியாப் போறியா?"

எனக்குத் துணிச்சல் வந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான் வந்தது. மறுபடியும் பஸ், மறுபடியும் டின், மறுபடியும் யாருடைய வெள்ளைக் கால்சட்டையோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். வண்டி ஓட்டுகிற பயம் அதில் சின்னதாகத் தெரிந்தது. "நான் ஓட்டுறேங்க" என்றேன்.

இவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிசு. சிரித்தது நாத்தனார்தான். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி. "ஏண்டி, அரைச்ச மசாலாவுல உப்புப் போட்டோமான்னு நாலு தடவ திரும்பி வந்து பாக்கறவ நீ. நடுரோட்டுல வண்டிய நிறுத்திட்டு அடுப்ப அணைச்சோமான்னு பாக்க வந்துடுவியே!" என்றார்.

"வந்தா என்ன அண்ணி, வண்டியிலதானே வருவேன். சீக்கிரமா வந்துடலாம்" என்றேன்.

தௌக்கேயிடம் இவர் தவணை கேட்டார். ஒரு தடவை சோதனைக்குப் போகட்டும், தேறாவிட்டால் அங்கேயே சாவியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். தௌக்கே பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை, அதுவும் நான், தேறுவேன் என்று அவர் துளியும் நினைக்கவில்லை. அதனால் பெருந்தன்மை சுலபமாக வந்தது.

வாத்தியாராக வந்தவர் முன்பு லாரி ஓட்டியவர். எங்கள் கடையில் மசாலா வாங்குகிறவர்தான். என்னை மலாய் மரியாதைப்படி அக்கா என்ற பொருளில் 'காக்கா' என்று கூப்பிடுவார். "காக்கா, மெதுவா! காக்கா, பிரேக்!" என்று அவர் கத்துகிறதைக் கேட்டு, ரோட்டில் போகிற தமிழர்கள் எல்லாம் மேலே நிமிர்ந்து பார்ப்பார்கள். நாத்தனார் ஒருநாள் வாசலிலிருந்து, "காக்கா எப்பத்தான் பறக்குமாம்?" என்று கேட்டார்.

பாடம் முழுக்க மலாயில்தான். கிரி என்றால் இடதுபக்கம். கானான் என்றால் வலது. தெருஸ் என்றால் நேராக. பின்னால் போவதற்கு மட்டும் கோஸ்தான். அது மலாயா, இங்கிலீஷா என்று எனக்குத் தெரியாது. கப்பல்காரர்கள் சொல்லிப் பரவிய வார்த்தை என்பார்கள். எங்கள் ஊரில் சீனர், தமிழர், மலாய்க்காரர் எல்லாருக்கும் அது ஒரே வார்த்தை. லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு யார் யாருக்குக் கைகாட்டினாலும், "கோஸ்தான், கோஸ்தான்" என்றுதான் கத்துவார்கள்.

வாத்தியார் என்னை அதிகமாகப் பழக்கியதும் அதில்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் டின் ஏற்றுகிற சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. ரோட்டிலிருந்து பின்பக்கமாகவே நுழைய வேண்டும். ஒருபக்கம் சாக்கடை, மறுபக்கம் காய்கறிக் கூடைகள். "முன்னால எல்லாரும் போவாங்க காக்கா. உங்க பிழைப்பு பின்னால போறதுலதான் இருக்கு" என்பார். எனக்கும் அது பிடித்துப்போயிற்று. முன்னால் போகும்போது என்ன வருமோ, யார் குறுக்கே ஓடுவாரோ என்று கை வேர்த்துவிடும். பின்னால் போகும்போது மெதுவாகத்தான் போகணும், திரும்பித் திரும்பிப் பார்க்கணும், ஒரு அடிக்கு நூறு தடவை சந்தேகப்படணும். அந்தக் குணம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. இவர் ஓட்டிய காலத்தில் அந்தச் சந்தில் நுழைவதற்கு நாலு தடவை முன்னும் பின்னுமாக இழுப்பார். எனக்கு ஒரே தடவையில் வரும். இதை நான் இவரிடம் சொல்லவில்லை. புருஷனிடம் எதையெதைச் சொல்லலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறதே.

சோதனை நாளுக்கு வருகிறேன். டெஸ்டர் யுரேசியர், பாதி வெள்ளைக்காரர். அவரை 'துவான்' என்றுதான் கூப்பிடணும், ஐயா மாதிரி. உயரமான ஆள். அவசரமாகப் பேசுகிறவர், வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார். என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கையால் முன்பக்கம் காட்டினார். கிளப்பினேன். வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கினேன். சாலை நீளமானது, நல்ல வேளையாக வண்டிகள் அதிகம் இல்லை. ஓரத்தில் ஒரு லாரி நின்றிருந்தது, கொஞ்சம் தள்ளி ஒரு சைக்கிள் ரிக்‌ஷா. அவற்றைத் தாண்டி முதல் சந்திப்பு. கோட்டில் நிறுத்தினேன். கண்ணாடியைப் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்து என்ன சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

டெஸ்டர் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "கோஸ்த்ரே" என்றார்.

என் காதில் விழுந்தது கோஸ்தான்.

நடுரோட்டில் எதற்குப் பின்னால் போகச் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்தேன். அரசாங்கத்து ஆள், காரணம் இல்லாமல் சொல்வாரா? சந்தில் நுழைகிறதைச் சோதிக்கிறார் போலும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கியரின் குமிழைத் தூக்கிப் பின்னால் போட்டேன். கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிறவர்களுக்கு மெதுவாகப் போகச் சொல்லிச் சைகை காட்டினேன். உடம்பைத் திருப்பிக்கொண்டு கிளச்சை விட்டேன்.

வேன் பின்னால் போயிற்று. ரிக்‌ஷாவைத் தாண்டிற்று. ரிக்‌ஷாக்காரர் எழுந்து நின்றார். லாரியைத் தாண்டிற்று. டெஸ்டர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்டாலும் பதில் சொல்ல நேரமில்லை, என் கண் முழுக்கப் பின்கண்ணாடியில். எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லையே, அதனால் நான் போய்க்கொண்டே இருந்தேன். ஆபீஸ் வாசல் வந்தது. அந்த நாலு பேரும் நின்ற இடத்துக்கு நேராக, சாக்கடைக் கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, கொண்டுவந்து நிறுத்தி கை பிரேக்கை இழுத்தேன்.

வெளியே நாத்தனாரின் குரல்தான் முதலில் கேட்டது. "தம்பி, என்னடா இது, போன வண்டி போன வழியே முதுகக் காட்டிக்கிட்டுத் திரும்பி வருது?"

டெஸ்டர் அட்டையை மடியில் வைத்துவிட்டு மலாயில் கேட்டார். "அம்மா, எங்கே போறீங்க?"

"நீங்கதானே துவான் கோஸ்தான் போகச் சொன்னீங்க?"

"நானா?"

"ஆமா. கோட்டுல நிக்கும்போது."

அவர் கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கோ. ஸ்ட்ரெய்ட்."

"அப்படின்னா?"

"தெருஸ்!"

பயம் அதிகமாகிவிட்டால் வாய் அதுபாட்டுக்குப் பேசும். "தெருஸ்னே சொல்லியிருக்கலாமே துவான், நான் நேரா காத்தோங் வரைக்கும் போயிருப்பேனே" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார். வேன் குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போகச் சொன்னார், இந்தத் தடவை கையாலும் மலாயாலும். மேட்டில் நிறுத்தினேன், கிளப்பினேன், திரும்பினேன், எல்லாம் செய்தேன். திரும்பி வந்ததும் அவர் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தார்.

"தேறலம்மா" என்றார். "ஓட்டறது சரிதான். ஆனா ரோட்டுல இவ்வளவு தூரம் பின்னால வந்ததுக்கு நான் தேற விட்டா என் வேலை போயிடும். பின்னால போறத நீங்க இனிமே யார்கிட்டயும் கத்துக்க வேண்டாம். முன்னால போற வார்த்தைய மட்டும் படிச்சிட்டு வாங்க."

இறங்கினேன். தௌக்கே என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். மரியாதையாகத்தான் நீட்டினார். சாவி என் கையில் இருந்தது. இவர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். வளையல் போட்டிருந்த இடம் கையில் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும் எனக்கு. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வேனைப் பார்க்க மனசு வரவில்லை.

இவர் சாவியைக் கொடுக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார், ரிக்‌ஷாவைப் பார்த்தார், சாக்கடைக் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு சாணைப் பார்த்தார்.

"தௌக்கே," என்றார் மலாயில், "இந்த ரோட்டுல அந்த மூலையிலேருந்து இங்க வரைக்கும், அந்த லாரிய உரசாம, கோஸ்தான்ல உங்களால வர முடியுமா?"

தௌக்கே யோசித்தார். நேர்மையான மனுஷன். "முடியாது" என்றார்.

"என்னாலயும் முடியாது. பின்னாலயே இப்படி வர்றவளுக்கு முன்னால போக எவ்வளவு நாள் ஆயிடும்? வண்டி விக்கல. மன்னிச்சுக்கணும்."

"வாக்குக் கொடுத்தியே?"

"கொடுத்தேன். தப்புத்தான். முன்பணத்தத் திருப்பித் தந்துடறேன்."

"எப்போ?"

இவர் சட்டைப் பையைத் தடவினார். அதில் பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறைதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தௌக்கேயின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கும் கோழிக் கூண்டுகளைக் கொண்டுபோக வண்டி வேண்டும்.

நாத்தனார் அப்போது முந்தானையை விலக்கி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். சீட்டு எடுத்த பணம், அடுத்த நாள் பாங்கில் போடுவதாக இருந்தார். பத்து வெள்ளித் தாள்களாக எண்ணி நூறைத் தௌக்கேயின் கையில் வைத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலிருந்து என்னைக் குத்திக்கொண்டே வந்தவர் அவர்.

"அண்ணி..." என்றேன்.

"சும்மாயிருடி. உன் மேல இருக்கற ஆசையில ஒண்ணும் கொடுக்கல. வேன் போச்சுன்னா நீ வீட்டோட உக்காந்து கவலப்பட ஆரம்பிச்சிடுவ. ரெண்டு வாசல் தள்ளி இருக்கறவ நான்தானே, தெனமும் அதக் கேட்டுக்கிட்டிருக்க எனக்குத் தெம்பு இல்ல. நீ ரோட்டுல போயிக் கவலப்படு."

தௌக்கே தாள்களை எண்ணிப் பையில் வைத்து, லைசென்ஸ் புத்தகத்தையும் உள்ளே தள்ளிப் பொத்தானைப் போட்டார். "சரி. இந்தம்மா ரோட்டுக்கு வர்றதாயிருந்தா எனக்கு வண்டியே வேண்டாம். நான் பஸ்ஸிலயே போயிக்கறேன்" என்றார். வாத்தியார்தான் முதலில் சிரித்தார். ஆனால் தௌக்கே பஸ்ஸில் போகவில்லை. வாத்தியார் என் பக்கத்தில் உட்கார, எல் போர்டோடு நான்தான் ஓட்டினேன். பின்னால் வெறும் டின்களுக்கு நடுவில் இவரும் நாத்தனாரும் தௌக்கேயும். சந்திப்பு ஒவ்வொன்றிலும் தௌக்கே பின்னாலிருந்து, "தெருஸ்! தெருஸ்!" என்று கத்திக்கொண்டே வந்தார். மஞ்சள் கை தேக்கா வரைக்கும் மடங்கவேயில்லை.

அடுத்த சில வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு வாத்தியார்கள். காத்தோங் நோன்யா ஒருத்தி மசாலா மடிக்கிறவரைக்கும் என்னை விடமாட்டாள். "ஸ்ட்ரெய்ட் சொல்லு. ரிவர்ஸ் சொல்லு. இப்போ எது முன்னால, எது பின்னால?" தப்பாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் மஞ்சள் சும்மா வைக்கணும். முதல் வாரம் எனக்கு மஞ்சளில் நஷ்டம்.

இரண்டாவது தடவை டெஸ்டர் வேறு ஆள். கோட்டில் நிறுத்தியதும் அவரும் அதே வார்த்தையைச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "முன்னாலதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கியர் போட்டேன். தேறிவிட்டேன். அதற்குப் பிறகு பல வருஷம் காலையில் கேலாங், அங்கிருந்து காத்தோங். அப்போது காத்தோங்கில் கடைகளுக்குப் பின்னாலேயே கடல். டின்களை இறக்கிவிட்டு இவர் கடலைப் பார்த்தபடி ஒரு கோப்பி குடிப்பார். நான் வண்டியின் கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். பஸ்ஸில் போனால் பாதி நாள் போகிற வேலை, வெயில் வருவதற்குள் முடிந்துவிடும். என் கைகளில் மறுபடியும் வளையல் வந்தது, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் மெல்லிசாக.

நாத்தனாரின் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். காத்தோங் பணம் வருகிற வாரத்தில் ஐந்து, கை இறுக்கமான வாரத்தில் இரண்டரை. வாங்கிக்கொள்வார், எண்ணியும் பார்ப்பார். கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது மொத்தமாக எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையை நீட்டவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்கு நான்தான் அவரை வேனில் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகியிருந்தது.

"வையிடி அத உள்ள. இதையும் வாங்கிட்டா அப்புறம் நீ எனக்கு எதுக்கு வண்டி ஓட்டுவ? கடன்காரின்னு நாலு பேருகிட்ட சொல்லிக்கிட்டு முன்சீட்டுல உக்காந்து வர்ற சுகம் எனக்கு வேற எதுல கிடைக்கும்?" என்றார்.

சொன்னபடியே செய்தார். கோவிலில் யாரைப் பார்த்தாலும் என்னைக் காட்டி, "இவ எனக்குத் தரணும்" என்பார். நானும் ஒவ்வொரு தீபாவளிக்கும் உறையில் போட்டுக் கொண்டுபோவேன், அவரும் ஒவ்வொரு தீபாவளிக்கும் திருப்பி என் பையிலேயே திணிப்பார். கடன் வைத்துக்கொண்டு தூங்குகிற ஆள் நான் இல்லை, ஆனால் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாகவே தூங்கியிருக்கிறேன். தொகை இன்றுவரை அதேதான்: பன்னிரண்டரை வெள்ளி.